கணனிக்குக் காற்றுக் கூலர் தெரிவு செய்தல்



எமது ஆலயத்துக்கு வரும் குடும்பங்களில், பல்கலைக்கழகம் புகும் பிள்ளைகள் சிலர் மேசைக் கணனியைக் கடையில் ஆயத்தமாக வாங்காமல், பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக் கொள்கிறார்கள். நல்ல விடயந்தான். செலவு குறையும், கைவேலையும் பழகும். ஆனால் பாகங்களின் பட்டியல் பெற்றோர் கைக்கு வரும்போது ஒரு வரியில் மட்டும் வீட்டில் வாக்குவாதம் எழுகிறது. அதுதான் கூலர். "இந்த உலோகக் கட்டிக்கு ஏன் இவ்வளவு காசு?" என்று தகப்பன் கேட்பார். "தண்ணிக் கூலர்தான் வேணும் அப்பா, எல்லாரும் அதைத்தான் போடுகினம்" என்று பிள்ளை சொல்லும். இரு பக்கத்திலும் பாதி நியாயம் உண்டு. ஆகவே இம்முறை இந்தப் பக்கத்தை அதற்கே ஒதுக்கியுள்ளோம். தமிழ் வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் வாசித்துக் காட்டலாம். கணனிச் சொற்களைப் பிள்ளைகள் பெற்றோருக்கு விளக்கட்டும்.

சிட்னியில் வாழும் எமக்கு இது சிறு விடயம் அல்ல. 2020 ஜனவரி 4ஆம் திகதி பென்ரித்தில் 48.9 பாகை செல்சியஸ் வெப்பநிலை பதிவாகியது. மேற்குப் புறநகர்களில் குடியிருக்கும் எம்மவர் பலருக்கு அந்த நாள் நினைவிருக்கும். குளிர்நாடுகளில் எழுதப்பட்ட ஆலோசனைகளை அப்படியே இங்கு பின்பற்றினால், கோடையில் கணனி தடுமாறும்.

முதலில் ஓர் அடிப்படை. புரொசசர் எடுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் சூடாகவே வெளிவருகிறது. 1993இல் வந்த முதலாவது பென்டியம் சுமார் 15 வாட் எடுத்தது. அதையே அக்காலத்தில் "அடுப்பு" என்று கேலி செய்தார்கள். 2023இல் வந்த இன்டெல் கோர் ஐ9-14900கே உச்ச வேலையில் 253 வாட் வரை எடுக்கும் என்று இன்டெல் நிறுவனமே குறிப்பிடுகிறது. முன்னர் வீடுகளில் எரிந்த 100 வாட் இழை பல்புகள் இரண்டரையின் சூடு, பெருவிரல் நகத்தளவான சிலிக்கன் துண்டிலிருந்து வருகிறது. பல்பைத் தொட்டுக் கைசுட்ட எவருக்கும் இதன் பொருள் விளங்கும்.

சூடு மிஞ்சினால் புரொசசர் எரிந்துவிடும் என்று பயப்படத் தேவையில்லை. குறித்த எல்லையைத் தொட்டதும் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் கணனி நின்றுவிடும். இன்டெலின் அண்மைக்கால மேசைக் கணனிப் புரொசசர்களுக்கு அந்த எல்லை பொதுவாக 100 பாகை. ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 95 பாகை. ரைசன் 7 7800எக்ஸ்3டிக்கு 89 பாகை. நட்டம் வேறு விதமாக வரும். வேகத்துக்கென்று கொடுத்த காசு வீணாகும். விசிறி இரையும். நாளை ஒப்படைக்க வேண்டிய பாடவேலையை வைத்துக்கொண்டு பிள்ளை நடுச்சாமத்தில் அல்லற்படும்.

கூலர் எப்படி வேலை செய்கிறது? புரொசசரின் மூடிக்கு மேல் மெல்லிய பசை. அதன்மேல் கூலரின் அடித்தட்டு. அதிலிருந்து செப்புக் குழாய்கள் மேலெழுந்து, வரிசை வரிசையாக அடுக்கிய அலுமினியத் தகடுகளுக்குள் நுழைகின்றன. தகடுகளூடே விசிறி காற்றைத் தள்ளுகிறது. சோறு சூடாக இருந்தால் குவியலாக விடாமல் இலையில் பரப்பி ஆற்றுகிறோம் அல்லவா, தகடுகள் செய்வதும் அதையே. பரப்புக் கூடக் கூடச் சூடு காற்றுக்கு இலகுவாகப் போகும்.

செப்புக் குழாய்தான் இதில் கெட்டித்தனமான பகுதி. பலர் அதை வெறும் செப்புக் கம்பி என்று நினைக்கிறார்கள். அது உள்ளே குடைவான குழாய். காற்றை அகற்றி, சிறிதளவு நீர் விட்டு, இரு முனையும் அடைத்திருக்கும். உட்சுவரில் பஞ்சுபோன்ற உலோகப் படலம் உண்டு. நுவரெலியாவில் தண்ணீர் 100 பாகைக்கு முன்னரே கொதிப்பதை அங்கு இருந்தவர்கள் அறிவார்கள். அமுக்கம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். குழாய்க்குள் அமுக்கம் மிகக் குறைவென்பதால், இளஞ்சூட்டிலேயே நீர் ஆவியாகி மேலே போகிறது. அங்கே தகடுகளுக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டு மீண்டும் நீராகி, படலத்தின் வழியே அடிக்குத் திரும்புகிறது. இடியப்பம் அவிக்கும்போது மூடியில் ஆவி பட்டு நீராகிச் சொட்டுவதும் இதே கதைதான். 1960களில் அமெரிக்காவின் லொஸ் அலமொஸ் ஆய்வுகூடத்தில் ஜோர்ஜ் குரோவர் விண்வெளித் தேவைகளுக்காக வளர்த்தெடுத்த முறை இன்று எமது பிள்ளைகளின் மேசைக்கு வந்திருக்கிறது. ஒரே அளவான திண்மச் செப்புக் கம்பியைவிடப் பல மடங்கு சூட்டை இக்குழாய் கடத்தும்.

இனி ஒரு சிறு கணக்கு. எந்தக் காற்றுக் கூலரும் அறையின் வெப்பநிலைக்குக் கீழே போக முடியாது. அறைக்கு மேல் எத்தனை பாகை ஏறும் என்பதே கேள்வி. ஒரு கூலர் ஒவ்வொரு வாட்டுக்கும் 0.2 பாகை ஏற விடுகிறது என்று வைத்துக் கொள்வோம். புரொசசர் 120 வாட் எடுத்தால் 24 பாகை ஏறும். அறை 24 பாகையாயின் கூலரின் அடி 48இல் நிற்கும். அதே அறை கோடையில் 38 பாகையாயின் 62. புரொசசரின் உட்பகுதி இதைவிடக் கூடுதலாகச் சூடேறியிருக்கும். அறை ஏறிய அளவு கணனியும் ஏறுகிறது என்பதைக் கவனியுங்கள். குளிரூட்டி இல்லாத அறையில் வைப்பதானால், தேவைக்கு ஒரு படி மேலான கூலரையே வாங்க வேண்டும் என்பது எமது அபிப்பிராயம்.

வாங்குமுன் புரொசசரின் பெட்டியைப் பாருங்கள். ரைசன் 5 7600, இன்டெல் கோர் ஐ5-12400 போன்ற 65 வாட் வகைகள் பெட்டியில் விற்கப்படும்போது கூலரும் உள்ளேயே வருவது வழக்கம். 65 என்று எழுதியிருந்தாலும் முன்னையது 88 வாட் வரையும், பின்னையது 117 வாட் வரையும் எடுக்கக்கூடும். கட்டுரை எழுத, கணக்குப் பார்க்க, இணையம் பார்க்க அந்தக் கூலரே போதும். அதை வைத்துக்கொண்டு மிச்சக் காசுக்கு நினைவகத்தைக் கூட்டுங்கள். அதன் குறை இரைச்சல் ஒன்றே. சிறிய விசிறி என்பதால் வேகமாகச் சுழல வேண்டியிருக்கிறது.

இன்டெலில் "கே" என்று முடியும் வகைகளும், ரைசன் 7000இல் "எக்ஸ்" சேர்ந்த வகைகளும் கூலர் இல்லாமலே வருகின்றன. இங்கேதான் தெரிவு தொடங்குகிறது. நான்கு குழாயும் 120 மில்லிமீற்றர் விசிறி ஒன்றும் கொண்ட ஒற்றைக் கோபுரம் நடுத்தரப் புரொசசருக்குப் போதும். ஆறு குழாயும் இரண்டு விசிறியும் கொண்ட இரட்டைக் கோபுரம் அதற்கு மேல். தெர்மல்ரைட்டின் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ இந்த வகையில் மலிவானது. ஒஸ்திரியாவின் நொக்டுவா நிறுவனம் 2014இல் கொண்டுவந்த என்எச்-டி15 பெயர்பெற்றது, ஆனால் அதற்கு மலிவானதன் விலையைப்போல் இரு மடங்குக்கும் மேல் கொடுக்க வேண்டும். வெப்பநிலையில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் விலை வித்தியாசத்தைப்போல் பெரிதல்ல. கூடுதல் காசு விசிறியின் ஆயுளுக்கும், அமைதிக்கும், பூட்டும் உறுப்புகளின் தரத்துக்கும் போகிறது. மாணவருக்கு மலிவானதே போதும் என்போம். கூலரின் பெட்டியில் "இத்தனை வாட் தாங்கும்" என்று போட்டிருப்பதை நம்பி மட்டும் வாங்காதீர்கள். அதை அளக்க எல்லாருக்கும் பொதுவான ஒரு முறை கிடையாது.

தண்ணீர்க் கூலர்? 14900கே போன்றதை நாள் முழுதும் உச்சத்தில் ஓட்டுபவருக்கு அது தேவைப்படலாம். காற்றுக் கூலரால் 253 வாட்டை வசதியாகச் சமாளிப்பது கடினம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் 7800எக்ஸ்3டி போன்றது 120 வாட் எனக் குறிக்கப்பட்டிருந்தாலும், விளையாட்டுகளில் அதைவிடக் குறைவாகவே எடுக்கிறது. அதற்குத் தண்ணீர் போடுவது பெரும்பாலும் அழகுக்கே. காற்றுக் கூலரில் பழுதாகக் கூடியது விசிறி ஒன்றே. அதை மாற்றப் பத்து நிமிடம் போதும். தண்ணீர்க் கூலரில் பம்பி நின்றால் முழுவதையும் மாற்ற வேண்டிவரும்.

அளவு பார்க்காமல் வாங்கித் திருப்பிக் கொடுப்பவர்களே அதிகம். என்எச்-டி15 விசிறியுடன் 165 மில்லிமீற்றர் உயரம். பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ 155. நொக்டுவாவின் என்எச்-எல்9ஐ வெறும் 37 மில்லிமீற்றர், ஆனால் அது சிறு புரொசசருக்கே ஆகும். கணனிப் பெட்டி செய்தவர்கள் எத்தனை மில்லிமீற்றர் உயரக் கூலர் கொள்ளும் என்று எழுதியிருப்பார்கள். அந்த எண்ணைக் கடைக்குப் போகுமுன் குறித்துக் கொள்ளுங்கள். உயரமான அலங்காரத் தகடு பூட்டிய நினைவகங்கள் முன் விசிறியில் முட்டும், அதையும் பாருங்கள்.

பொருத்தும் துளைகளும் முக்கியம். இன்டெலின் எல்ஜிஏ1200இல் துளைகளின் இடைவெளி 75 மில்லிமீற்றர். 2021இல் வந்த எல்ஜிஏ1700இல் அது 78. அண்ணன்மாரின் பழைய கூலரைத் தம்பிமார் போட நினைத்தால், புதிய பொருத்திகள் தேவைப்படலாம். ஏஎம்டியின் ஏஎம்4இலிருந்து ஏஎம்5க்குப் பெரும்பாலானவை பொருந்தும். மதர்போட்டின் பின்தகட்டைக் கழற்றித் தமது தகட்டைப் போடும் வகைகள் மட்டும் பொருந்தா, ஏனெனில் ஏஎம்5இல் அந்தத் தகட்டைக் கழற்ற முடியாது.

பூட்டும்போது, அடித்தட்டில் ஒட்டியிருக்கும் பிளாஸ்ரிக் தாளை உரித்து எடுங்கள். அதை மறந்து பூட்டிவிட்டுக் கணனி கொதிக்கிறது என்று வருபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பசை கடலைப் பருப்பளவு போதும். உலோகங்களுக்கு இடையே உள்ள நுண்ணிய காற்றிடைவெளியை நிரப்புவதே அதன் வேலை, தடிப்பாகப் பூசினால் அதுவே தடையாகும். திருகாணிகளை ஒரு பக்கம் முழுதாக இறுக்காமல் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். ஏஎம்4 கணனியில் பழைய கூலரைக் கழற்றுமுன் சற்று நேரம் ஓடவிட்டு, பின் மின்சாரத்தை நிறுத்தி, இடம் வலமாக மெல்லத் திருகிக் கழற்ற வேண்டும். குளிர்ந்திருக்கும்போது நேரே இழுத்தால் புரொசசரும் ஒட்டிக்கொண்டு வந்து அதன் ஊசிகள் வளையும்.

எமது வீடுகளுக்கே உரிய ஒரு விடயம். தாளிக்கும் எண்ணெய்ப் புகையும் சாம்பிராணிப் புகையும் தூசியோடு சேர்ந்து தகடுகளில் பிசுபிசுப்பாகப் படியும். சாதாரணத் தூசி ஊதினால் போய்விடும், இது போகாது. கணனியைச் சமையலறைக்கும் சுவாமி அறைக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள். நிலத்திலும் வைக்க வேண்டாம். கார்த்திகை முடிந்து கோடை தொடங்குமுன் ஒருமுறை சுத்தம் செய்யுங்கள். காற்று ஊதும்போது விசிறியின் இதழை விரலால் பிடித்துக் கொள்ளுங்கள், தாறுமாறாகச் சுழன்றால் அதன் அச்சுக் கெடும்.

கடைசியாக, கூலரோடு வந்த சிறு திருகாணிகளையும் பற்றுச்சீட்டையும் எறிந்துவிடாதீர்கள். நொக்டுவா போன்ற நிறுவனங்கள், வாங்கியதற்கான சான்றைக் காட்டினால் பல புதிய வகை மதர்போட்டுகளுக்கான பொருத்திகளை இலவசமாகவே அனுப்புகின்றன. பெட்டியில் ஒரு கடதாசி உறையில் இட்டு, திகதி எழுதி வையுங்கள்.