உமணர் வண்டியும் வரைவாளர் கையும்

மரக்காணத்து உப்பளங்களைக் காணாத மாணவர் நம் கல்லூரியில் மிகச் சிலரே இருப்பர். தை பிறந்தபின் பாத்தி திருத்தி, உவர்நீர் பாய்ச்சி, வெயில் ஏற ஏற விளையும் உப்பை நீண்ட கழி பூட்டிய மரப்பலகையால் வாரிக் கரை சேர்ப்பர். வடகிழக்குப் பருவமழை இறங்கும்வரை இவ்வேலை நடைபெறும். ஆந்திரக் கரையிலிருந்து சென்னை வழியாக வரும் பக்கிங்காம் கால்வாய் முடிவடையும் இடமும் இதுவே. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்வூர்ப் பகுதியே என்று கருதும் அறிஞரும் உளர்.

அங்கு நாம் கண்ட ஒரு செய்தியே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. பாத்தி ஓரத்தில் நான்கைந்து பலகைகள் கிடந்தன. ஒருவர் பலகையை மற்றவர் தொடுவதில்லை. வேண்டுமென்றே ஒன்றை எடுத்து ஒரு முதியவரிடம் நீட்டினோம். அவர் சிரித்துக்கொண்டே, "அது அவன் ஒசரத்துக்கு வெட்டின கழி சார். நான் புடிச்சேன்னா சாயங்காலம் இடுப்பு போயிடும்" என்றார். பலகை ஒன்றுதான், வேலையும் ஒன்றுதான். எனினும் கழியின் நீளம் ஆளுக்கு ஆள் வேறு.

இம்முதியவரின் மகன் நம் மாணவர். கணிதம் பயின்றவர், பகுதி ஒன்றில் தமிழை நம்மிடம் கற்றவர். பட்டம் பெற்றபின் கணிப்பொறி வரைவுப் பயிற்சி முடித்து, சென்னையில் கட்டட வரைபடம் தீட்டும் நிறுவனம் ஒன்றில் சேர்ந்தார். குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவரே. தங்கையின் படிப்புச் செலவும் அச்சம்பளத்தைச் சார்ந்தே இருந்தது. மூன்றாம் ஆண்டின் மழைக்காலத்தில் ஊர் வந்தவர், வலக்கை மணிக்கட்டில் பட்டை கட்டியவாறு நம்மைக் காண வந்தார். இரவில் விரல்கள் மரத்துப்போய்த் தூக்கம் கலைகிறது என்றும், தேநீர்க் குவளை கைநழுவுகிறது என்றும், வேலையை விட்டுவிடலாமா என எண்ணுவதாகவும் கூறினார். தமிழாசிரியராகிய நாம் இதற்கு என்ன சொல்ல இயலும்? முதலில் மருத்துவரிடம் செல்லுமாறு கூறினோம். பின்னர், அவர் கையிலிருந்த கருவியைப் பற்றி நாமும் கற்கத் தொடங்கினோம். கற்றவற்றுள் சில இங்குத் தரப்படுகின்றன.

சுட்டியின் பிறப்பு

கணிப்பொறித் திரையில் படம் வரையும் முயற்சி சுட்டி தோன்றுவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1963ஆம் ஆண்டில் அமெரிக்க மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லாண்டு உருவாக்கிய 'ஸ்கெட்ச்பேட்' என்னும் அமைப்பில், ஒளிப்பேனாவைத் திரைமீது வைத்தே கோடு வரைந்தனர். வியத்தகு கண்டுபிடிப்புத்தான். ஆயின் கையை அந்தரத்தில் தூக்கியவாறே வேலை செய்வதால், சிறிது நேரத்தில் தோள் கடுக்கத் தொடங்கிவிடும். ஒளிப்பேனா நிலைபெறாமைக்கு இவ்வலியும் ஒரு காரணம்.

1964இல் ஸ்டான்போர்டு ஆய்வுக் கழகத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட்டின் கருத்துப்படி பில் இங்கிலீஷ் என்பவர் முதற் சுட்டியைச் செய்தார். மரக்கட்டையில் குடைந்து, அடியில் இரு சக்கரங்கள் பொருத்திய பெட்டி அது. 1968 டிசம்பர் 9ஆம் நாள் சான்பிரான்சிஸ்கோவில் அதனை அவையோர் முன் இயக்கிக் காட்டினர். அன்று எங்கல்பார்ட்டின் வலக்கையில் சுட்டி இருந்ததைப் பலரும் எழுதுவர். இடக்கையின் கீழ் ஐந்து விசைகள் கொண்ட சிறு பலகை ஒன்று இருந்ததை எழுதுவோர் குறைவு. இரு கைகளும் வேலையைப் பகிர்ந்துகொள்ளும் வகையில் அமைந்த ஏற்பாடு அது. பின்னர்ச் சுட்டி உலகெங்கும் பரவிற்று. ஐவிசைப் பலகை மறைந்தது. பாரம் முழுவதும் ஒரு கைக்கு வந்து சேர்ந்தது. நம் மாணவரின் வலிக்கு வேர் இங்கேயே தொடங்குகிறது என்பது நம் கருத்து.

கையின் அமைப்பு

மணிக்கட்டின் உட்புறத்தில் எலும்புகள் தரையாகவும் தசைநார் கூரையாகவும் அமைந்த ஒரு குறுகிய வழி உண்டு. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் அதனூடே செல்கின்றன. மணிக்கட்டு மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ வளைந்து நெடுநேரம் நிற்குமாயின், அவ்வழியினுள் அழுத்தம் கூடும். அந்நரம்பு நெருக்குண்டால் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலின் ஒரு பாதி ஆகியவை மரக்கும். இரவில் அது மிகும். சிறுவிரல் மரப்பது வேறு நரம்பின் செய்தி; அதற்கு முழங்கையை மேசை விளிம்பில் ஊன்றுவதும் காரணமாகலாம். சுட்டியே இந்நோயை உண்டாக்குகிறதா என்பதில் மருத்துவரிடையே ஒத்த கருத்து இல்லை. வேறு உடற்காரணங்களும் உண்டு. ஆதலின் மரப்பு நீடிப்பின் கருவியை மாற்றிப் பார்ப்பதோடு நில்லாமல் மருத்துவரை நாட வேண்டும். நம் மாணவரும் அவ்வாறே சென்றார்; மணிக்கட்டை நேராக நிறுத்தும் கட்டை இரவில் அணியுமாறு மருத்துவர் பணித்தார்.

தேர்வு செய்யும் முறை

அவர் நிறுவனத்தில் அனைவர்க்கும் ஒரே வகைச் சுட்டி. பயணத்தில் மடிக்கணிப்பொறியோடு எடுத்துச் செல்வதற்காகச் செய்யப்பட்ட சிறிய சுட்டி அது. அவருடையதோ உப்பளத்துக் கை. உள்ளங்கை அமர இடமின்றி, விரல்களைக் கொக்கிபோல் வளைத்து நாள்முழுதும் அதனைப் பிடித்திருந்தார். தந்தையார் அதனை வாங்கித் தம் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, மூணு வருசமா இதையா புடிச்சிக்கினு இருக்க?" என்று கேட்ட கேள்விக்குப் பிறகு நாம் சேர்க்கத்தக்கது அதிகமில்லை.

சுட்டியின் அளவைக் காண எளிய வழி உண்டு. மணிக்கட்டின் மடிப்புக்கோட்டிலிருந்து நடுவிரல் நுனிவரை அளந்து, அதில் ஐந்தில் மூன்று பங்கு நீளமுள்ள சுட்டியைக் கொள்க என்பது பயன்படுத்துவோரிடையே வழங்கும் கணக்கு. கை 20 சென்டிமீட்டர் எனில் சுட்டி 12 சென்டிமீட்டர் அளவில் இருக்கலாம். இது இலக்கண விதியன்று. உள்ளங்கை படியப் பிடிப்போர்க்குச் சற்றுப் பெரிதும், விரல்நுனியால் நகர்த்துவோர்க்குச் சற்றுச் சிறிதும் பொருந்தும். கடையில் பெட்டியைப் பார்த்து வாங்காமல், கையில் வைத்துப் பார்த்து வாங்குதல் வேண்டும்.

வரைவுப் பணிக்கென ஒரு தனித்தேவை உண்டு. பொதுவான அறிவுரைகளில் அது விடுபட்டுவிடுகிறது. ஆட்டோகேட் போன்ற மென்பொருள்களில், சுட்டியின் நடுச்சக்கரத்தை உருட்டினால் படம் பெரிதாகும், சிறிதாகும். அழுத்திப் பிடித்து இழுத்தால் படம் நகரும். கடிதம் தட்டச்சு செய்பவர் நடுச்சக்கரத்தை அரிதாகவே அழுத்துவார். வரைவாளரோ நாள்முழுதும் ஓயாமல் அழுத்துகிறார். எனவே சக்கரம் கடினமாக இருப்பின் நடுவிரல் முதலில் நோகும். எத்துணை விலையுயர்ந்த சுட்டியாயினும், சக்கரத்தை அழுத்திப் பிடித்தவாறே நகர்த்திப் பாராமல் வாங்குதல் கூடாது.

உருள்பந்துச் சுட்டி மேசையில் நகராது. பந்தை விரலால் உருட்டினால் போதும். தோளுக்கு அது நல்ல ஓய்வு. ஆயின் ஒரு விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டே பந்தை உருட்டுவது பலர்க்கு இடர்ப்பாடு. கட்டைவிரலால் உருட்டும் வகையில் பாரம் அவ்விரலுக்கு மாறுவதே மிச்சம். கைகுலுக்கும் நிலையில் பிடிக்கும் செங்குத்துச் சுட்டியில் முன்கை முறுக்கம் தணியும். தொடக்கத்தில் நுண்ணிய புள்ளியைக் குறிவைப்பதில் சிலர்க்குத் தடுமாற்றம் உண்டாகும். சில வாரமேனும் பழகிப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும். நம் மாணவர் நண்பரிடம் ஒன்றை இரவல் பெற்று முயன்றார். அதுவும் அவர் கைக்குச் சிறிதாகவே இருந்தமையால் திருப்பிக் கொடுத்துவிட்டார். இறுதியில் அவர் வாங்கியது சாதாரண வடிவில், நீளம் கூடிய, இருபுறமும் ஒத்த அமைப்புடைய ஒரு சுட்டி.

இடக்கைக்குப் பங்கு

சுட்டியை மட்டும் மாற்றினால் போதாது. பெரும்பாலான விசைப்பலகைகளின் வலக்கோடியில் எண்பகுதி இருக்கிறது. அதனைத் தாண்டிச் சுட்டியை வைப்பதால் வலக்கை தோளிலிருந்து புறம்நோக்கி நீள வேண்டியதாகிறது. எண்பகுதி இல்லாத குறுகிய விசைப்பலகையைக் கொண்டு, தனி எண்பலகை ஒன்றை இடப்புறம் வைத்துக்கொண்டால் இரு நன்மைகள் உண்டு: சுட்டி உடலுக்கு அருகில் வரும், நீள அகலங்களை உள்ளிடும் வேலை இடக்கைக்குப் போகும். மேசையும் நாற்காலியும் முழங்கை தொங்கும் மட்டத்திற்கு ஒத்திருத்தல் வேண்டும் என்பது யாவரும் அறிந்ததே.

இனிக் கட்டளைகள். ஆட்டோகேட்டில் கோட்டிற்கு 'எல்', வட்டத்திற்கு 'சி', நகர்த்துதற்கு 'எம்' எனச் சுருக்க எழுத்துகள் உண்டு. இடவெளிப் பட்டையே உள்ளிடும் விசையாகவும் பயன்படும். திரையிலுள்ள படக்குறியைத் தேடிச் சுட்டியை ஓட்டுவதை இவை தவிர்க்கின்றன. எனினும் 'எல்', 'எம்', 'ஓ' போன்றவை விசைப்பலகையின் வலப்புறம் உள்ளன; அவற்றைத் தட்ட வலக்கை சுட்டியை விட்டு வரவேண்டும், அன்றேல் இடக்கை குறுக்கே பாய வேண்டும்.

இங்கே தமிழ் நமக்குக் கைகொடுத்தது. யாழ்ப்பாணத்திலிருந்து மலாயா சென்ற ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்க முனைந்தபோது, அவர் முன் நின்ற சிக்கல் 247 எழுத்துகளைச் சில பத்து விசைகளுள் அடக்குவது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்ற 'தமிழ் 99' விசைப்பலகையின் நோக்கம் இன்னும் நுட்பமானது. உயிர்கள் இடக்கைக்கும், மெய்களுள் மிகப்பல வலக்கைக்குமாகப் பகுக்கப்பட்டன. அ, இ, உ, க, ப, ம, த, ந என மிகுதியும் வழங்கும் எழுத்துகள் விரல்கள் இயல்பாக அமரும் நடுவரிசையில் வைக்கப்பட்டன. எதை மிகுதியும் பயன்படுத்துகிறோமோ அது விரலருகில் இருத்தல் வேண்டும் என்பதே அடிப்படை.

இதனை நாம் வகுப்பில் நடத்தியது நினைவிருக்கிறதா என்று மாணவரிடம் கேட்டோம். (நினைவில்லை என்றார், அது வேறு செய்தி.) அன்று மாலையே, தாம் அன்றாடம் ஆளும் கட்டளைகளை எழுதி, எது எத்துணை முறை வருகிறது எனக் கணக்கிடத் தொடங்கினார். சுருக்க எழுத்துகளைப் பயனர் தம் விருப்பப்படி மாற்றிக்கொள்ள அம்மென்பொருள் இடம் தருகிறது. ஆகவே, மிகுதியும் வரும் கட்டளைகளை இடக்கை விரல்கள் எட்டும் எழுத்துகளுக்கு மாற்றிக்கொண்டார். 1968இல் எங்கல்பார்ட்டின் இடக்கை செய்த வேலையை இவர் இடக்கையும் செய்யலாயிற்று.

சேம அச்சு

புறநானூற்றில் அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடும் ஔவையார், உப்பு வணிகராகிய உமணர் தம் வண்டியின் கீழே மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் செல்வதை உவமையாக எடுத்தாள்கிறார். சேம அச்சு என்பது அதன் பெயர். மேடும் பள்ளமும் நிறைந்த வழியில் உப்புப் பாரத்தோடு செல்லும்போது, அச்சு முறிந்தபின் தேடினால் பயனில்லை என்பதை உமணர் அறிந்திருந்தனர்.

வரைவாளர்க்கும் ஒரு சேம அச்சு வேண்டும். அது மற்றொரு கையே. இருபுறமும் ஒத்த அமைப்புடைய சுட்டியை நம் மாணவர் தேர்ந்ததற்கும் அதுவே காரணம். வரைபடம் தீட்டும்போது வலக்கையிலும், தீட்டியதைச் சரிபார்க்கும்போதும் மின்னஞ்சல் படிக்கும்போதும் இடக்கையிலும் வைத்துப் பழகினார். முதல் இரு வாரங்கள் வேகம் குறைந்தது. மேற்பார்வையாளர் முகம் சுளித்தாராம். வலி தோன்றியபின் இடக்கையைப் பழக்குதல் கடினம். வலி இல்லாதபோதே பழகிக்கொள்வோர் நல்வினையாளர்.

அவர் கை முழுதும் குணமாயிற்று என்று எழுத நமக்கும் ஆசைதான். ஓராண்டிற்குப் பின்னும் வேலை மிகும் நாள்களில் மரப்பு எட்டிப்பார்க்கிறது என்கிறார். ஆயினும் இரவுத் தூக்கம் கலைவதில்லை. வேலையை விடும் எண்ணமும் இல்லை. தங்கை இவ்வாண்டு நம் கல்லூரியில் சேர்ந்துள்ளார். அவர் இடக்கைப் பழக்கமுடையவர்.

நம் கணிப்பொறி அறையில் சுட்டிகள் அனைத்தும் வலப்புறமே உள்ளன. இடப்புறம் கொண்டுவரக் கம்பி எட்டுவதில்லை. இடக்கை மாணவர் ஐவர்க்காக நீண்ட கம்பியுடைய சுட்டிகள் ஐந்து வேண்டுமென எழுதிக் கொடுத்துள்ளோம். இம்மலரைப் படிக்கும் பெரியோர் எவரேனும் அடுத்த ஆட்சிக்குழுக் கூட்டத்தில் அதனை நினைவூட்டினால் மகிழ்வோம்.