தேயிலைக் கொழுந்தும் விந்துக் கலமும்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களிலுள்ள தேயிலைத் தொழிற்சாலையொன்றினுள் நாம் புகுவோமாயின், உருட்டிய கொழுந்து பரப்பிவைக்கப்பட்ட இடத்தினின்று எழும் மணமே நம்மை முதலில் வரவேற்கும். பச்சையாய் வந்த கொழுந்து அங்கே செம்பு நிறம் பெற்றுக்கொண்டிருக்கும். தொழிற்சாலையார் இதனை நொதிக்கவைத்தல் என்பர். ஆயினும் கள் நொதிப்பது போன்ற செயல் ஈண்டு யாதும் இல்லை; நுண்ணுயிர்களுக்கும் இதிற் பங்கில்லை. நசுங்கிய இலைக் கலங்களினின்று வெளிப்படும் நொதியமொன்று, காற்றிலுள்ள ஒட்சிசனைக் கொண்டு இலையின் கற்றெக்கின் என்னும் பொருள்களை ஒட்சியேற்றுகின்றது. தேநீருக்குப் பொன்னொளி தரும் தியாபிளேவினும், செந்நிறம் தரும் தியாருபிகினும் இவ்வாறு பிறப்பனவே. இதனை வேண்டாது பச்சைத் தேயிலை செய்வோர், கொழுந்தை முதலிலேயே வெப்பப்படுத்தி அந்நொதியத்தை அழித்துவிடுவர்.

அயலிலுள்ள இறப்பர்த் தோட்டத்திற்குச் சென்றால், இதற்கு மாறான காட்சியைக் காண்போம். வெளிறிய கிறேப் இறப்பர் செய்வோர், பாலிற் சோடியம் பைசல்பைற்று என்னும் உப்பைக் கலந்து, ஒட்சியேற்றத்தால் அது கறுத்துப் போகாதவாறு காப்பர். தேயிலைத் தொழிற்சாலையில் விரும்பி அழைக்கப்படும் ஒட்சிசன், இறப்பர்த் தொழிற்சாலையில் வாயிலிலேயே தடுக்கப்படுகின்றது. தோட்டப் பகுதியிற் பிறந்து வளர்ந்த நம் மாணவர்க்கு ஒட்சியேற்றம், ஒட்சியேற்ற எதிரி என்னும் சொற்களை விளக்க இவற்றினும் நல்ல எடுத்துக்காட்டு வேறில்லை.

மனித உடம்பிலும் இவ்விரு செயல்களும் நிகழ்கின்றன. ஒட்சிசனின்றி உயிரில்லை, ஆயின் அதனினின்று பிறக்கும் சில வீரியமிக்க மூலக்கூறுகள் கலங்களைத் தாக்கவும் வல்லன. அத்தாக்குதலை எளிதில் தாங்காத கலங்களுள் ஆணின் விந்துக் கலமும் ஒன்று. அதன் மென்சவ்வு எளிதில் ஒட்சியேறும் கொழுப்பமிலங்கள் நிறைந்தது. வாலும் தலையுமாய்ச் சுருங்கிய அக்கலத்திற் குழியவுரு மிகக் குறைவாதலின், காவல்செய்யும் நொதியங்களும் குறைவே. 1943இல் அமெரிக்காவிற் ஜோன் மக்லியோட் என்பார், மிகுந்த ஒட்சிசனில் வைத்த விந்துக் கலங்கள் அசைவிழப்பதையும், கற்றலேசு என்னும் நொதியத்தைச் சேர்த்தால் அவ்விழப்புக் குறைவதையும் கண்டு வெளியிட்டார். இத்துறைக்கு அதுவே வித்து எனலாம்.

இனிப் புற்றுநோய் மருந்துகளைக் காண்பாம். விதையிலுள்ள தாய்க்கலங்கள் ஓயாது பிரிந்து, ஏறக்குறைய 74 நாளில் முதிர்ந்த விந்துக் கலங்களை ஆக்குகின்றன. பிரியும் கலங்களைக் கொல்வதே இம்மருந்துகள் பலவற்றின் தொழில். நோய்க்கலம் எது, விந்தின் தாய்க்கலம் எது என அவை வேறுபாடு அறியா. சைக்கிளோபொஸ்பமைட்டு என்னும் மருந்து உடம்பினுள் இருகூறாகின்றது. ஒருகூறு டி.என்.ஏ. இழைகளைப் பிணைத்துக் கலத்தைக் கொல்லும். அதுவே நோய் தீர்ப்பது. அக்குரோலின் என்னும் மற்றைக் கூறு, கலத்தின் காவற்பொருளாகிய குளூற்றாதயோனை வற்றச்செய்து ஒட்சியேற்றத் தாக்கத்தைப் பெருக்கும். பிரிந்து முதிரும் கலங்கள் மட்டும் அழிந்தால் காலப்போக்கில் விந்து மீளலாம். மூலக்கலங்களே அழியின் மீளாது. சிசுப்பிளாற்றின் கொண்டு விதைப் புற்றுக்குச் சிகிச்சை பெற்றோரிற் பலர்க்குச் சில ஆண்டுகளில் விந்து மீள்கின்றது. ஒட்கின் நோய்க்கு முற்காலத்தில் வழங்கிய நால்மருந்துச் சிகிச்சையின் பின்னரோ பெரும்பாலானோர்க்கு அது மீளவில்லை.

நம் முற்றங்களிற் பூக்கும் நித்தியகல்யாணியினின்றே வின்பிளாத்தீன், வின்கிரித்தீன் என்னும் புற்றுநோய் மருந்துகள் எடுக்கப்பட்டன. கனடாவில் நோபிள், பியர் என்னும் இருவர் 1958இல் இவற்றுள் முன்னையதை வெளியிட்டனர். மூலிகை யாவும் இனியவை, பக்கவிளைவற்றவை என்று நம்புவோர் இவ்வேலியோரச் செடியைச் சற்றே உற்றுநோக்குவாராக.

தாவர ஒட்சியேற்ற எதிரிகள் இக்கேட்டினின்று காக்குமா என்பதே வினா. உலர்ந்த தேயிலைக் கொழுந்தின் எடையில் ஏறக்குறைய நான்கிலொரு பங்கு பொலிபீனோல்களே. இவற்றையும், மஞ்சளிலுள்ள குர்க்குமினையும், தக்காளியிலுள்ள இலைக்கோப்பீனையும், வெங்காயத்திலுள்ள குவெர்செற்றினையும் எலிகளுக்குக் கொடுத்துப் பின்னர் இம்மருந்துகளைச் செலுத்திய பரிசோதனைகள் பல நாடுகளில் நடந்துள. அவற்றுட் பலவற்றில் விந்தின் தொகையும் அசைவும் ஓரளவு காக்கப்பட்டன. நம் நாட்டிலும் கொழும்புப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் இலங்கைக் கறுப்புத் தேநீரை ஆண் எலிகளுக்குக் கொடுத்து, அவற்றின் புணர்ச்சி நடத்தையிற் சாதகமான மாற்றங் கண்டு 2008இல் வெளியிட்டனர். ஆயின் அது நடத்தை பற்றிய ஆய்வு. புற்றுநோய் மருந்தின் கேட்டைத் தேநீர் தடுக்கும் என்பதற்கு அதனைச் சான்றாகக் காட்டுதல் பொருந்தாது.

எலியிலிருந்து மனிதனுக்குத் தாவுதல் எளிதன்று. பரிசோதனை எலிக்குப் புற்றுநோய் பெரும்பாலும் இராது. ஆதலின் விதையைக் காத்த பொருள் கட்டியையும் காத்திருக்குமா என்பது அங்கே புலப்படாது. நம் கவலைக்கெல்லாம் இவ்விடமே காரணம். 2009இல் வெளிவந்த ஓராய்வில், பச்சைத் தேயிலையின் தலைமைக் கற்றெக்கின், போட்டெசோமிப்பு என்னும் மருந்தைப் பற்றிக்கொண்டு அதன் கொல்லுந் திறனைப் பரிசோதனைக் கலங்களிலும் எலிகளிலும் கெடுத்தது. பின்லாந்திற் புகைப்பிடிப்போர்க்கு பீற்றா கரோட்டின் வில்லைகளைக் கொடுத்துப் பார்த்தபோது நுரையீரற் புற்று குறையாது கூடியமை 1994இல் வெளியாயிற்று. விந்துக் குறைபாடுடைய 171 ஆடவரிடம் உயிர்ச்சத்துகளையும் இலைக்கோப்பீனையும் உள்ளடக்கிய வில்லைகளைச் சோதித்த அமெரிக்க ஆய்வு, விந்திற் குறிப்பிடத்தக்க முன்னேற்றமில்லை என 2020இல் அறிவித்தது. அவர்கள் புற்றுநோயாளர் அல்லரெனினும், வில்லையின் வலிமையை மிகைப்படுத்தலாகாது என்பதற்கு இது போதும். உணவோடு அருந்தும் இரண்டொரு கோப்பைப் பிளேன்டீ பற்றி நாம் இங்கு பேசவில்லை. வடித்துச் செறிவாக்கிய சாறுகளும் வில்லைகளுமே ஐயத்திற்குரியன. அவற்றை எடுப்போர் மருத்துவரிடம் மறைத்தல் ஆகாது.

எனின் செய்யத்தக்கது யாது? சிகிச்சை தொடங்குமுன் விந்தை எடுத்து உறைய வைத்தலே நிலைபெற்ற வழி. 1949இல் இங்கிலாந்திற் பொல்ச் முதலியோர் கிளிசரீனைக் காவற்பொருளாக்கி, உறைந்த விந்துக் கலம் மீண்டும் அசையச் செய்தனர். 1953இல் அமெரிக்காவிற் பங்ஞ், செர்மன் என்போர் உறையவைத்த மனித விந்தாற் கரு உண்டானமையை அறிவித்தனர். திரவ நைதரசனில், சைபருக்குக் கீழ் 196 பாகையில், அது பல்லாண்டுகள் கெடாது கிடக்கும். சில நாள் இடைவெளியே இதற்குப் போதும். சிகிச்சை பெரிதும் தாமதியாது. பூப்பெய்தாத சிறுவர்க்கு மட்டும் இவ்வழி இல்லை. அவர்தம் விதையிழையத்தை எடுத்துக் காத்தல் இன்றும் ஆராய்ச்சி நிலையிலேயே உளது.

இரத்தினபுரியினின்று கொழும்பு செல்லும் பெருந்தெருவே மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைப் பக்கமாகவும் செல்கின்றது. அவ்வழியே நம் தோட்டத்து இளைஞர் எத்தனையோ பேர் சென்று உயிர் மீண்டு வந்துள்ளனர். ஆனால் லயத்தினின்று புறப்படும் இருபது வயதுப் பிள்ளை, தாயும் தமையனும் அருகிருக்க, இவ்விடயத்தை வாய்திறந்து கேட்பானா? கொழுந்துக் கூடையோடு மலையேறும் அன்னைக்கு இப்படியொரு வினா உண்டென்றே தெரியாது. உறைய வைக்கும் தனியார் நிலையங்களின் செலவும் நாட்சம்பளத்துக்கு எட்டுவதன்று. சில ஆண்டுகள் கழிந்து அவன் மணமுடித்துக் குழந்தை பிறவாதபோது, குறை யாருடையதென்று ஆராயாமலே ஊர் அவன் மனைவியை மலடி என்கின்றது. அப்பெண் சுமக்கும் பழியிற் பெரும்பகுதி, சிகிச்சைக்கு முந்திய ஒரு பத்து நிமிடப் பேச்சினால் நீங்கக்கூடியது.

ஆதலின் தோட்ட வைத்திய உதவியாளராகவும் ஆசிரியராகவும் தாதியராகவும் இம்மாவட்டங்களிற் பணிபுரியும் நம் பழைய மாணவர் மூன்று செய்திகளை நினைவிற் கொள்வாராக. இளைஞன் ஒருவன் இச்சிகிச்சைக்கு அனுப்பப்படுகையில், விந்து சேமித்தல் பற்றி மருத்துவரிடம் கேட்கும்படி அவனைத் தனியே அழைத்துச் சொல்லுக. சிகிச்சைக் காலத்திலும் அதன்பின் மருத்துவர் குறிக்கும் மாதங்களிலும் கருத்தடை கைக்கொள்ளச் சொல்லுக. கேடுற்ற விந்தாற் கரு உண்டாதல் தவிர்க்கத்தக்கது. ஓராண்டு கழிந்தபின் விந்துப் பரிசோதனை செய்விக்க. முதற் பரிசோதனையில் ஒன்றும் காணாவிடினும் மீட்டும் செய்விக்க. சிலர்க்கு அது நான்கைந்து ஆண்டுகள் கழித்தும் திரும்பியுள்ளது.