கோர்ட்டுப் படி ஏறாமல் வழக்குத் தீர



பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு பங்கில் நான் இருந்தபோது, கணவனை இழந்த ஓர் அம்மாளும் அவருடைய கொழுந்தனாரும் அரை ஏக்கர் நஞ்சைக்காக ஓயாமல் சண்டையிட்டு வந்தார்கள். வழக்கு என்று போனால் இருவரும் அழிவார்களே என்று அஞ்சி, "குடும்பச் சமாதானம் பெரிது, விட்டுக்கொடுங்கள் அம்மா" என்று அந்த அம்மாளையே நான் வற்புறுத்தினேன். ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில், தம் பங்கை விட்டுவிட்டதாக ஒரு வெள்ளைத்தாளில் கையெழுத்திட்டார். சண்டை ஓய்ந்தது. அவரோ கூலி வேலைக்குப் போனார். நான் செய்துவைத்தது சமாதானமல்ல என்பதைப் பிறகே உணர்ந்தேன்.

ஆகையால் இந்த வாரம், கோர்ட்டில் போராடாமல் தகராறு தீரச் சட்டமே காட்டியுள்ள வழிகளைப் படிப்போம். ஒவ்வொன்றிலும் முடிவு யார் கையில் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

முதலாவது, சமரசம். சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் 2005-ம் ஆண்டு சமரச மையம் துவக்கப்பட்டது. இன்று மாவட்டங்களிலும் உண்டு. பயிற்சி பெற்ற சமரசர் இரு தரப்பாரோடும் சேர்த்தும் தனித்தனியாகவும் பேசுவார். தீர்ப்புச் சொல்ல அவருக்கு அதிகாரமில்லை. அங்கே பேசியதைப் பின்னர் கோர்ட்டில் சாட்சியமாக்க முடியாது. ஆகவே மனந்திறந்து பேசலாம். முடிவு உங்கள் கையிலேயே இருக்கிறது.

இரண்டாவது, லோக் அதாலத் என்னும் மக்கள் நீதிமன்றம். இது 1987-ம் ஆண்டுச் சட்டப்படி நடப்பது. கோர்ட்டில் நிலுவையிலுள்ள வழக்கையும், கோர்ட்டுக்கே போகாத தகராறையும் இங்கே கொண்டுபோகலாம். கட்டணமில்லை, நிலுவை வழக்கு இங்கே தீர்ந்தால், முன்பு கட்டிய கோர்ட்டுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். இருவரும் இசைந்தால்தான் முடிவு. இசையாவிட்டால் நிலுவை வழக்கு கோர்ட்டுக்கே திரும்பும். ஆனால் இசைந்து கையெழுத்திட்டுவிட்டால், அது சிவில் கோர்ட்டு டிக்கிரிக்குச் சமம். அதன்மேல் அப்பீல் கிடையாது. எழுதியதை முழுவதும் வாசிக்கக் கேட்டு, விளங்கிய பிறகே பேனாவைத் தொடுங்கள்.

மூன்றாவது, நடுவர் தீர்ப்பு. இதற்கு 1996-ம் ஆண்டுச் சட்டம் உண்டு. வியாபாரத்திலும் காண்டிராக்டிலும் இது அதிகம். இங்கே முடிவு நடுவர் கையில். அவர் தீர்ப்பைச் சில குறிப்பிட்ட காரணங்களுக்காக மட்டுமே கோர்ட்டில் தள்ளுபடி செய்யக் கேட்கலாம். கடன் பத்திரங்களில் இந்த நிபந்தனை பொடி எழுத்தில் இருக்கக்கூடும். கையெழுத்துக்கு முன் தேடிப் பாருங்கள்.

இனி சில எச்சரிக்கைகள். கொலை, பலாத்காரம் போன்ற, சட்டம் இராஜிக்கு இடங்கொடாத குற்றங்களை மக்கள் நீதிமன்றம் எடுக்காது. அவற்றை ஊருக்குள் பேசி மறைப்பதும் தவறு. ஊர்க்கூட்டத்துக்கோ பங்குக் குருவுக்கோ ஒருவர்மேல் தீர்ப்பைச் சுமத்த அதிகாரமில்லை. பேச்சு நடக்கிறது என்று காலக்கெடுவையும் மறக்கவேண்டாம். புரோநோட்டுக் கடனுக்கு வழக்குப் போடும் உரிமை பொதுவாக மூன்று ஆண்டோடு முடிந்துபோகும்.

நிலத்தில் உள்ள பங்கை எழுதிக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிவாகவேண்டும். அந்த அம்மாள் கையெழுத்திட்ட தாள் பதிவாகாதது. ஒரு வக்கீலைக் கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பார். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாயினும், இலவச வக்கீல் உதவி பெறச் சட்டத்தில் உரிமை உண்டு. குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கும் அப்படியே. தாலுகா கோர்ட்டிலுள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவில் கேளுங்கள். 15100 என்ற எண்ணுக்கும் போன் செய்யலாம்.

சமாதானம் செய்துவைக்க விரும்பும் பெரியவர்களே, இருவரில் எளியவர் யார் என்று முதலில் பாருங்கள். தமக்குள்ள உரிமை இன்னதென்று அவர் அறிந்த பின்பு விட்டுக்கொடுத்தால், அது அவருடைய தாராளம். அறியாமல் விட்டுக்கொடுக்கச் செய்தால், அது நம்முடைய பாவம்.

உங்களில் யாருக்கேனும் தகராறு இருந்தால், ஞாயிறு பூசைக்குப்பின் பத்திரங்களோடு வாருங்கள். நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். போகவேண்டிய இடத்தைக் காட்டி, தேவையானால் கூடவும் வருவேன்.

உங்கள் பங்குக் குரு