அட்டையில் ஒரு சண்டை, உள்ளே வேறு கதை

கேள்வி: 2006இல் இடம்பெயர்ந்தபோது சித்தப்பா கையோடு கொண்டுபோய், ஊர் திரும்பியபோது கொண்டுவந்த பொதிக்குள் பழைய லயன் காமிக்ஸ் கொஞ்சம் கிடக்கிறது. டெக்ஸ் வில்லர் புத்தகம் ஒன்றில் அட்டையில் ஒரு முகம், உள்ளே வேறு முகம். அட்டையில் உள்ள சண்டை கதையில் வரவே இல்லை. ஏன் ஐயா? இவற்றைக் கடற்காற்றில் எப்படிக் காப்பாற்றுவது?
– வாசகர், சம்பூர்

பதில்: அட்டையை வரைந்தவர் வேறு, உள்ளே வரைந்தவர் வேறு. டெக்ஸ் 1948இல் இத்தாலியில் பிறந்த ஆள். பொனெல்லி கதை எழுத, காலெப்பினி வரைந்தார். பின்னாளில் உட்பக்கங்களைப் பலர் வரைந்தாலும் 400ஆவது இதழ்வரை அட்டை காலெப்பினியுடையதுதான். 1994இல் அவர் மறைந்தார். கிளாவுடியோ வில்லா தொடர்ந்தார்.

தமிழுக்கு வரும்போது இன்னொரு கையும் சேர்ந்துகொண்டது. 1972இல் வந்த முத்து காமிக்ஸ், 1984இல் வந்த லயன் காமிக்ஸ் இரண்டுமே சிவகாசி வெளியீடுகள். காலண்டரும் தீப்பெட்டி லேபிளும் அச்சாகும் ஊர் அது. வெளிநாட்டுப் படத்தைப் பார்த்து அங்குள்ள ஓவியர்கள் புதிதாகத் தீட்டிய அட்டைகள் ஏராளம். டெக்ஸுக்கு நம் சினிமாக் கதாநாயகனின் கன்னமும் கண்ணும் வாய்த்தது அப்படித்தான். அசலைவிட எனக்கு அவைதான் பிடிக்கும்.

கதையில் இல்லாத சண்டை அட்டையில் வருவது அமெரிக்க மலிவு இதழ்களின் காலத்துப் பழக்கம். 1919இல் தொடங்கிய ‘வெஸ்டர்ன் ஸ்டோரி மேகசின்’ போன்ற மலிவு இதழ்களின் உள்தாள் மட்டமான மரக்கூழ்த் தாள். அட்டைக்கு மட்டும் வழவழப்பான தாள், பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளும். கடையில் நூறு இதழ்களுக்கு நடுவே கண்ணை இழுப்பதுதான் அதன் வேலை. நார்மன் சாண்டர்ஸ் போன்றவர்கள் அட்டைக்கென்றே எண்ணெய் வண்ண ஓவியம் தீட்டினார்கள். சில சமயம் ஓவியம் முதலில் வரும், அதற்கேற்ற கதையைப் பிறகு எழுதச் சொல்வார்கள். அச்சானதும் அசல் ஓவியங்களில் பெரும்பாலானவை குப்பைக்குப் போயின. எஞ்சியவற்றுக்கு இன்று ஏலத்தில் நல்ல விலை!

இனி உங்கள் பொதி. வெயில் பட்டால் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளிறும். சுவரில் பழைய போஸ்டர் நீலமாகி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். லாமினேட் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். உப்புக்காற்றில் முதல் எதிரி நடுவில் குத்திய கம்பிதான். துருவேறியிருந்தால் மெல்லக் கழற்றி, அதே துளைகளில் பருத்தி நூலால் தைத்துவிடுங்கள். பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டினால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். காய்ந்த பெட்டியில் தட்டையாக அடுக்கி, மாரி முடிந்ததும் நிழலில் ஒருமுறை விரித்து வையுங்கள். அதற்கு முன் ஒவ்வோர் அட்டையையும் படமெடுத்துவிடுங்கள்.