புறம்போக்கு: சொல்லும் பொருளும்

நிலவுடைமையைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் 'பிராப்பர்ட்டி' என்பது, 'தனக்கே உரியது' என்று பொருள்படும் 'புரோப்ரியஸ்' என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. ஆனால், சென்னை மாகாண வருவாய்க் கணக்குகளில் ஆங்கிலேயர் எழுதிய 'பொரம்போக்' என்பதோ நம் தமிழ்ச் சொல்லேயாகும். அதனை அவர்கள் மொழிபெயர்க்காமல் அப்படியே எடுத்துக்கொண்டனர்.

'புறம்' என்பது வெளி. 'போக்கு' என்பது நீக்கம். வரி விதிக்கும் நிலக் கணக்கினின்று புறத்தே நீக்கி வைத்த நிலமே புறம்போக்கு. ஏரி, குளம், வாய்க்கால், வண்டிப்பாதை, மேய்ச்சல் தரை, களம், சுடுகாடு முதலியன இவ்வகையைச் சார்ந்தவை. இவ்வழக்கம் மிகப் பழமையானது. தஞ்சைப் பெரிய கோயிலிலுள்ள இராசராசன் கல்வெட்டுகள், ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றைக் கழித்த பின்னரே ஊர்களின் வரி நிலத்தைக் கணக்கிடுகின்றன.

ஆகவே, புறம்போக்கு என்பது கேட்பாரற்ற நிலம் அன்று. தனி ஒருவருக்கு உரியதாகாமல் ஊரார் அனைவருக்கும் பயன்படுமாறு ஒதுக்கிய நிலமாகும். பயனற்றவனைச் சுட்டும் வசைச் சொல்லாக இதனை வழங்குவது பெரும் பொருட்பிழை.

இப்பொதுநிலத்தின் அருமையை வடசென்னைக் கடற்கரையில் காணலாம். இராயபுரத்து மீனவர்கள் படகுகளைக் கரையேற்றியதும் வலைகளை உலர்த்தியதும் பட்டா நிலத்தில் அன்று, பொது மணலில்தான். சென்னைத் துறைமுகத்தின் கற்சுவர்கள் எழுந்த பின்னர், தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்தது. வடக்கே இராயபுரத்தில் கடல் கரையை அரித்தது. மணல் குறையவே தொழிலுக்குரிய இடமும் குறைந்தது. இன்னும் வடக்கே, எண்ணூர்க் கழிமுகம் கொசத்தலையாற்று வெள்ளம் கடலை அடையும் வழியாகும். இறாலும் மீனும் பிடிப்போருக்கு அதுவே விளைநிலம். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து அது தூர்ந்த இடங்களில், வெள்ளத்திற்கு வழியும் இல்லை. மீனவர்க்குப் பிழைப்பும் இல்லை.

1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம், சாலை, ஆறு, ஏரி, கழிமுகம், கடல் இவற்றின் தரைகளுள் தனியாருக்கு உரிமையற்றவற்றை அரசின் உடைமை என அறிவித்தது. ஊர்ப் பொதுநிலங்களிலுள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றி, அவற்றை மீண்டும் ஊரார் பொதுப்பயனுக்கு ஒப்படைக்கத் திட்டம் வகுக்குமாறு உச்சநீதிமன்றம் 2011 ஜனவரி 28இல் மாநிலங்களைப் பணித்தது.

சட்டம் இருப்பினும் காவல் ஊராருடையதே. தம் ஊரின் புறம்போக்கு நிலங்கள் எவை, அவற்றின் பரப்பு எவ்வளவு என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள 'அ' பதிவேட்டின் வாயிலாக ஒவ்வொருவரும் அறிதல் வேண்டும். அவ்விவரத்தைக் கிராம சபையில் படித்து, நிலத்தை நேரில் ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று. எல்லை அறியாத பொதுநிலம் சிறிது சிறிதாகத் தனிநிலமாகிவிடும்.