மலையை அளந்தறிதல்

நுழையும்முன்
மாரத்தான் ஓட்டம் உடலின் ஆற்றலைச் சோதிப்பது. அதே ஓட்டம் மலைப்பாதைக்கு மாறும்போது வேகத்தைவிட அறிவே முதன்மை பெறுகிறது. மலையே இல்லாத ஊரில் வாழ்பவர் மலையோட்டத்திற்கு எவ்வாறு ஆயத்தமாவது? ஆயத்தம் என்பதன் முழுப்பொருள்தான் யாது? இவ்வினாக்களுக்கு விடை காண்கிறது இப்பாடம்.

சமவெளியின் ஓட்டக்காரர்
திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள பேரூர் ஆரணி. பட்டுக்குப் பெயர்பெற்ற திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி வேறு; ஆற்றின் பெயரைத் தாங்கிய இவ்வூர் வேறு. ஆந்திர மாநிலத்து மலைப்பகுதியில் தோன்றும் ஆரணியாறு, ஊத்துக்கோட்டை வழியாகப் பாய்ந்து பழவேற்காட்டுக்கு அருகில் கடலைச் சேர்கிறது. ஊரோ கடலோரச் சமவெளி. மலையேற்றத்தை விரும்புவோர் நாடும் நாகலாபுரம் மலைகள் மாநில எல்லைக்கு அப்பால் வடமேற்கில் உள்ளன. இத்தகைய ஊரில் இருந்து மலையோட்டத்திற்குச் செல்பவர், முதலில் மலையின் கணக்கைக் கற்க வேண்டும்.

தொலைவும் உயரமும்
மாரத்தானின் தொலைவாகிய 42.195 கிலோமீட்டர், 1908ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் முதன்முதலாக ஓடப்பட்டு, 1921இல் உலகப் பொது அளவாயிற்று. சமவெளியில் இவ்வளவு ஒன்றே போதும். மலையில் அது பாதிக் கணக்கே. ஸ்காட்லாந்து மலையேற்ற வீரர் வில்லியம் நெய்ஸ்மித், 1892இல் நடைப்பயணிகளுக்கு எளிய விதி ஒன்றை வகுத்தார். ஏறத்தாழ 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம்; அதனுடன், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் மேலும் ஒரு மணி நேரம். இவ்விதிப்படி, 40 கிலோமீட்டர் சமவெளிப் பாதைக்கு 8 மணி நேரம் ஆகும். அதே தொலைவில் 1800 மீட்டர் ஏற்றம் இருப்பின் 11 மணி நேரமாகும். ஓடுபவருக்கு நேரம் குறையலாம். ஆயினும் ஏற்றம் கூடுதல் காலத்தையும் உணவையும் நீரையும் கேட்கும் என்னும் உண்மை மாறாது.

இறங்கக் கற்றல்
மலையில் ஏறுவதே கடினம் எனப் பலர் கருதுவர். மூச்சு வாங்குவது ஏற்றத்தில்தான். தசைகள் பெரிதும் சிதைவதோ இறக்கத்தில். இறங்கும்போது தொடையின் முன்தசை, நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்குகிறது. அதனால் தசைநார்களில் நுண்ணிய சிதைவுகள் ஏற்படுகின்றன. வலி உடனே தோன்றாமல் ஓரிரு நாளில் மிகும். சிறிய அளவில் முன்கூட்டியே இறங்கிப் பழகிய தசை, அடுத்தமுறை குறைவாகவே சிதையும். எனவே ஏரிக்கரைச் சரிவும் மாடிப்படியும் சமவெளி மாந்தருக்கு மலைகளே. அவற்றில் ஏறுவதைப் போலவே இறங்குவதையும் சிறுகச் சிறுகக் கூட்டிப் பழகுதல் வேண்டும். வறண்ட ஆற்றுமணலில் மெதுவாக ஓடுவது கணுக்காலுக்கும் கெண்டைக்காலுக்கும் உரமூட்டும்.

பயிற்சிக்கு இணையானது ஓய்வு. ஆலைகளில் ஷிப்ட் முறையில் பணிபுரிவோர், இரவுப்பணி முடித்த காலையில் நெடுந்தொலைவு ஓடாமல் உறங்குவதே நன்று. ஓட்டம் தேய்த்த உடலை உறக்கமே மீட்கிறது. நீர் அருந்துவதிலும் அளவு தேவை. வியர்வையோடு உப்பும் வெளியேறுவதால், வெறும் நீரை மிகுதியாக அருந்தினால் குருதியில் சோடியம் குறைந்து உயிருக்கே ஊறு நேரலாம்.

தெரியுமா?
வெப்பச் சூழலுக்கு உடல் பழக ஏறத்தாழ 10 முதல் 14 நாள்கள் தேவைப்படுகின்றன. பழகிய உடல் விரைவில் வியர்க்கத் தொடங்கும். வியர்வையில் உப்பின் அளவும் குறையும்.

மலை கற்பித்த பாடங்கள்
2021ஆம் ஆண்டு மே 22 அன்று சீனாவின் கான்சு மாநிலத்தில் 100 கிலோமீட்டர் மலையோட்டம் நடைபெற்றது. பங்கேற்றோர் 172 பேர். உயரமான பகுதியில் திடீரெனக் கடுங்காற்றும் குளிர்மழையும் தாக்கின. பலரிடம் மெல்லிய ஆடையே இருந்தது. உடல்வெப்பம் குறைந்து 21 பேர் உயிரிழந்தனர். அந்நாட்டின் புகழ்மிக்க நெடுந்தொலைவு வீரர் லியாங் ஜிங்கும் அவர்களுள் ஒருவர். அம்மலையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த சூ கெமிங், தாம் ஒதுங்கியிருந்த குகையில் தீமூட்டி அறுவரைக் காத்தார். வீரர்களிடம் விரைவு இருந்தது. மேய்ப்பரிடம் மலையறிவு இருந்தது.

தமிழ்நாட்டிலும் 2018ஆம் ஆண்டு மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில் சிக்கி, மலையேற்றம் சென்றோர் 23 பேர் உயிரிழந்தனர். அதன்பின் அதே ஆண்டில் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளை அரசு வகுத்தது. வனத்துறையின் இசைவு பெறுதல், வழியறிந்தோருடன் செல்லுதல், தீ அபாயமுள்ள காலத்தைத் தவிர்த்தல் ஆகியனவும் பயிற்சியின் பகுதிகளே.

திரும்பும் துணிவு
திருக்குறளின் 48ஆம் அதிகாரம் ‘வலியறிதல்’. அரசர்க்குரைத்த அவ்வறிவு மலையோடுவோர்க்கும் உரியது. தன் வலியை அறிந்தவர், வானிலை மாறினாலோ உடல் நடுங்கினாலோ தயங்காது திரும்புவர். பல திங்கள் பயின்றபின் பாதியில் திரும்புதல் எளிதன்று. அம்முடிவை எடுக்கும் தெளிவைத் தருவதே சிறந்த பயிற்சி. மலை அங்கேயே நிற்கும். மீண்டும் செல்ல மனிதர் இருத்தல் வேண்டும்.

கற்பவை கற்றபின்
1. 30 கிலோமீட்டர் தொலைவும் 1200 மீட்டர் ஏற்றமும் கொண்ட பாதையை நடந்து கடக்க ஆகும் நேரத்தை நெய்ஸ்மித் விதிப்படி கணக்கிடுக.
2. உங்கள் ஊரில் ஏற்ற இறக்கப் பயிற்சிக்கு ஏற்ற இடங்களைப் பட்டியலிடுக.
3. ‘திரும்பி வருதலும் வெற்றியே’ என்னும் பொருளில் வகுப்பறையில் கலந்துரையாடுக.