ஹோல்ஸ்டர் தைக்கும் நூல்

கேள்வி: துப்பாக்கி வைக்கும் தோல் உறையான ஹோல்ஸ்டரைச் சேணம் தைக்கும் நூலால் தைக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது?

பதில்: ஹோல்ஸ்டர் இடுப்பு வாருக்கு வருவதற்கு முன் குதிரையின் மேல்தான் இருந்தது. டச்சு மொழியிலிருந்து 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போன இச்சொல், சேணத்தின் முன்மேட்டில் இருபுறமும் இணையாகத் தொங்கிய தோல் உறைகளைக் குறித்தது. சேணத்தோடு சேர்ந்த சாமான் என்பதால் அதைத் தைத்தவரும் சேணம் செய்பவரே. அவருடைய குத்தூசி, மெழுகு தேய்த்த நூல், தைக்கும் முறை மூன்றும் அப்படியே உறைக்கும் வந்து சேர்ந்தன.

சாமுவேல் கோல்ட் 1836இல் சுழல் துப்பாக்கிக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். 1847இல் வந்த அவருடைய வாக்கர் மாதிரி 2 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. இடுப்பில் சுமக்க முடியாத அந்தப் பாரம் சேண உறையிலேயே தொங்கியது. 1851இன் நேவி மாதிரியோ சுமார் 1.2 கிலோதான். தங்கம் தேடிக் கலிபோர்னியாவில் கூட்டம் குவிந்திருந்த காலம் அது; குதிரையைவிட்டு இறங்கி நாள் முழுதும் மண் தோண்டுகிறவருக்கு இடுப்பில் அணியும் உறை வேண்டியிருந்தது. அதைத் தைத்துக் கொடுக்க ஊருக்கு ஊர் இருந்தவர் சேணக்காரர்தான்.

அவர் போட்ட தையலுக்கு இன்றும் சேணத் தையல் என்றே பெயர். ஒரே நூலின் இரு முனைகளிலும் இரண்டு ஊசிகள். ஒவ்வொரு துளையிலும் இரண்டும் எதிரெதிர்த் திசையில் புகுந்து வெளிவரும். ஓரிடத்தில் கண்ணி அறுந்தாலும் மறுபக்கம் ஓடும் நூல் தோலைப் பிடித்துக்கொண்டிருக்கும். தையல் இயந்திரத்தில் நிலைமை வேறு. அங்கே மேல் நூலும் பாபின் நூலும் தோலின் நடுவில் ஒன்றையொன்று மாட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒரு பக்கத்து நூல் தேய்ந்து அறுந்தால் அடுத்தடுத்த கண்ணிகளும் தளரத் தொடங்கும். கையால் தைத்த உறைக்கு இன்றும் இருக்கும் மதிப்புக்கு இதுவே நியாயமான காரணம்.

கேள்வி: பருத்தியை விட்டுவிட்டு லினன் நூலைத் தேர்ந்தெடுத்தது ஏன்?

பதில்: ஆளி விதை தரும் செடியின் தண்டிலிருந்து உரிக்கப்படும் நாரே லினன். தண்டை நீரிலோ பனியிலோ ஊறவிட்டு, நாரைப் பிணைத்திருக்கும் பசையை அழுகவைத்துப் பிரித்தெடுப்பார்கள். பருத்திப் பஞ்சின் இழை சுமார் 3 சென்டிமீட்டர் நீளம். ஆளி நாரோ தண்டின் உயரத்துக்கு நீண்ட கற்றையாகக் கிடைக்கிறது. அதனால் லினன் நூல் இழுவையை நன்றாகத் தாங்கும், அதிகம் நீளாது. நனைந்தால் அதன் வலு இன்னும் கூடும். ஹோல்ஸ்டருக்கு இந்தக் கடைசிக் குணம் மிகவும் வேண்டியது. தைத்து முடித்த உறையை நீரில் நனைத்து, துப்பாக்கியை உள்ளே வைத்து விரலால் அழுத்தி அழுத்தி உருவம் கொடுப்பது வழக்கம். அந்த நேரத்தில் தையல் முழு இழுவையையும் ஈரத்தோடு தாங்க வேண்டும். இப்படி உருவேறுவது தாவரப் பட்டையால் பதனிட்ட தோலில்தான். ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையால் பதனிட்ட தோலும் அந்த இனத்தைச் சேர்ந்ததே.

ஆளி நாரை இயந்திரத்தில் நூற்பது நெடுநாள் கைகூடாமல் இருந்தது. அதற்கு வழி கண்டுபிடிப்பவருக்கு 10 லட்சம் பிராங்க் பரிசு என்று நெப்போலியன் 1810இல் அறிவித்தார். அதே ஆண்டில் பிலிப் த ஜிரார் என்ற பிரெஞ்சுக்காரர் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். பரிசு மட்டும் அவர் கைக்கு வரவேயில்லை. போலந்தில் ஒரு நெசவு நகரம் இன்று அவர் பெயரால் ஷிரார்டுவ் என்று அழைக்கப்படுகிறது. இங்கிலாந்தில் ஜேம்ஸ் கே 1825இல், நாரை நீரில் ஊறவைத்து ஈரமாகவே நூற்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். மெல்லிய, சீரான லினன் நூல் ஆலையில் பெருமளவில் வந்தது அதன் பிறகுதான்.

தோல் வேலைக்கான லினன் நூலில் பெரும் பெயர் பெற்றது பார்பர். ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லியிலிருந்து வந்த ஜான் பார்பர், 1784இல் அயர்லாந்தின் லிஸ்பர்னில் இதைத் தொடங்கினார். பின்னாளில் அக்குடும்பம் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பாட்டர்சன் நகரிலும் நூற்பாலை வைத்தது. கோல்ட் தம் முதல் சுழல் துப்பாக்கிகளைச் செய்த ஊரும் அதே பாட்டர்சன்தான். துப்பாக்கியும் அதன் உறைக்கான நூலும் ஒரே ஊரின் நீர்விசையை நம்பி வளர்ந்தன. லிஸ்பர்னை ஒட்டிய ஹில்டன் ஆலை 2006இல் மூடப்பட்டது.

லினனை வெறும் நூலாகத் தைப்பதில்லை. தேன்மெழுகு தேய்த்தே தைப்பார்கள். பழைய சேணக்காரர்கள் கீலும் பிசினும் கொழுப்பும் காய்ச்சிச் சேர்த்த கருமெழுகை வைத்திருந்தார்கள். நூலை வெடுக்கென்று இழுக்கும்போது உராய்வில் மெழுகு இளகும், துளைக்குள் ஆறியதும் கெட்டிப்படும். கண்ணி அங்கேயே பூட்டிக்கொள்ளும். மெழுகு இல்லாவிட்டால் தோலில் உரசும் நாரிழைகள் சிலிர்த்துப் போகும், வியர்வையும் எளிதில் உள்ளே இறங்கும். எஃகு ஊசி எளிதாகக் கிடைக்காத நாளில் நூலின் முனையைக் கூராக்கிப் பன்றி மயிரில் முறுக்கிச் சேர்த்து, அதையே ஊசியாக்கிக்கொண்டார்கள். குத்தூசி போட்ட வளைந்த துளையிலும் வளைந்து போகக்கூடியது அந்த மயிர்.

கேள்வி: நைலானும் பாலியெஸ்டரும் லினனின் இடத்தைப் பிடித்தது எப்போது?

பதில்: டூபான்ட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழு நைலானை உருவாக்கிய நாள் 1935 பிப்ரவரி 28. 1938இல் பல் துலக்கும் பிரஷ்ஷின் குச்சமாகவும், 1940இல் பெண்களின் காலுறையாகவும் அது கடைக்கு வந்தது; போர்க்காலத்தில் பாராசூட்டுக்குப் போனது. 1937இலேயே இறந்துவிட்ட கரோதர்ஸ் இவற்றில் எதையும் பார்க்கவில்லை. பாலியெஸ்டர் இழையை 1941இல் இங்கிலாந்தில் வின்பீல்டும் டிக்சனும் கண்டுபிடித்தார்கள்; டெரிலின் என்று தமிழ்நாட்டுத் துணிக்கடைகளிலும் ஒரு காலத்தில் புழங்கிய பெயர் அதற்கே உரியது.

இரண்டும் அழுகாதவை. லினனும் பருத்தியும் தாவர நார்கள் என்பதால், தோலில் தங்கும் அமிலமும் உடலின் வியர்வையும் ஆண்டுக்கணக்கில் அவற்றை அரித்துவிடும். பழைய உறைகளில் தோல் நன்றாக இருக்கத் தையல் மட்டும் பொடிந்து நிற்பதைப் பார்க்கலாம். இடுப்போடு ஒட்டிக் கிடக்கும் பொருளுக்கு இது சிறு குறையன்று.

நைலானுக்கும் பாலியெஸ்டருக்கும் இடையே வேறுபாடு உண்டு. நைலான் சற்று நீளும், உரசலை நன்றாகத் தாங்கும். ஆனால் வெயிலில் கிடந்தால் பாலியெஸ்டரைவிட விரைவில் வலு இழக்கும். பாலியெஸ்டர் குறைவாகவே நீளும், ஈரத்தை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. இயந்திரத்துக்கு வரும் நூலில் புரிகள் பிரியாமலிருக்க மேலே மெல்லிய பசைப்பூச்சு கொடுத்திருப்பார்கள். கைவேலைக்கு மெழுகேற்றிய பாலியெஸ்டர் நூலே இப்போது பரவலாகப் புழங்குகிறது.

கேள்வி: லினன் நூலில் 18/3 என்றும் நைலான் நூலில் 277 என்றும் போட்டிருக்கிறது. எது தடிமன்?

பதில்: ஏறக்குறைய இரண்டும் ஒன்றுதான். எண்கள் இப்படி விலகி நிற்பதற்குக் காரணம், அவை பிறந்த இடம் வேறு வேறு.

திருப்பூரிலும் கோவையிலும் நூல் வாங்குபவர்களுக்குக் கவுண்ட் கணக்கு தெரியும்: கவுண்ட் ஏற ஏற நூல் மெலியும். ஒரு பவுண்டு எடையில் 840 கெஜச் சிட்டங்கள் எத்தனை என்பதே பருத்தியின் கவுண்ட். லினனுக்குச் சிட்டத்தின் நீளம் 300 கெஜம். 18/3 என்றால், பவுண்டுக்கு 18 சிட்டம் வரும் இழைகள் மூன்றைச் சேர்த்து முறுக்கிய முப்புரி நூல். 18/4 அதைவிடத் தடிமன். 25/3 அதைவிட மெல்லியது.

நைலான் எண் இதற்கு நேர்மாறானது, எண் ஏற ஏற நூலும் தடிக்கும். 69, 138, 207, 277, 346 என்று ஒவ்வொரு படியும் ஏறக்குறைய 69 கூடி வரும். உலகப் பொது அளவான டெக்ஸ் இதோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது: 1,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் என்பதே டெக்ஸ். 277ஆம் நூல் சுமார் 270 டெக்ஸ். 18/3 லினனைக் கணக்குப் போட்டால் சுமார் 276 டெக்ஸ் வருகிறது. தடித்த தோலுக்கு இவ்வளவு நூல் வேண்டும் என்று சேணக்காரர் கையால் கண்ட அளவிலேயே இயந்திரக்காரரும் வந்து நின்றிருப்பது வியக்கத்தக்கது.

கேள்வி: அப்படியானால் ஹோல்ஸ்டருக்குச் சரியான நூல் எது?

பதில்: கிடைப்பதில் மிக வலுவான நூலைத் தேடுவது இயல்பாகத் தோன்றும். ஆனால் நூலின் பருமன், துளை, தோலின் கனம் மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்துவதில்தான் தையலின் ஆயுள் இருக்கிறது. மெல்லியதும் மிக வலுவானதுமான நூல் அறுவதில்லை. கம்பிபோல் நின்று தோலைத்தான் அறுக்கும். நூல் அறுந்தால் அதே துளைகளில் மறுபடியும் தைத்துவிடலாம். தோல் கிழிந்தால் உறையே போயிற்று.

ஹோல்ஸ்டர் தோல் பெரும்பாலும் 3 மில்லிமீட்டர் அளவு கனம் கொண்டது. இரண்டு மடிப்புச் சேரும் தையலில் 6 அல்லது 7 மில்லிமீட்டர். இந்தக் கனத்துக்கு இயந்திரத்தில் மேலே 277, பாபினில் அதுவோ ஒரு படி குறைந்த 207ஓ பொருந்தும். 277 சுமார் 0.6 மில்லிமீட்டர் பருமன், ஏறக்குறைய 20 கிலோ இழுவை தாங்கும். 138ஆம் நூல் பைக்கும் பணப்பைக்கும் ஏற்றது. ஹோல்ஸ்டரின் முக்கியத் தையலில் அதைப் போடுவது சிக்கனமாகாது. கையால் தைப்பவர் மெழுகேற்றிய பாலியெஸ்டரில் 0.8 அல்லது 1 மில்லிமீட்டர் எடுத்துக்கொள்ளலாம். பழங்கால உறையின் சாயல் வேண்டும் என்பவருக்கு மெழுகிட்ட 18/3 லினன் இன்றும் அழகாக உட்காரும். வியர்வை படும் அன்றாட உறைக்குப் பாலியெஸ்டரே மேல்.

நூல் தடித்தால் கண்ணியும் நீள வேண்டும். அங்குலத்துக்கு 6 முதல் 8 கண்ணி போதும். அதற்கு மேல் நெருக்கினால் துளைவரிசை தபால்தலை ஓரம்போல் ஆகி, அந்தக் கோட்டிலேயே தோல் பிய்ந்துவிடும். குத்தூசியின் முனை சாய்சதுரமாக இருப்பதும் இதற்காகவே: துளைகள் சாய்வாக விழுவதால் இடையில் நிற்கும் தோல் வலுவாக இருக்கும். நூல் மேலே துருத்தி நின்றால் உரசித் தேயும்; ஆகவே தைக்கும் கோட்டில் முதலில் மெல்லிய பள்ளம் கீறி, தையலை அதற்குள் அமர்த்துவார்கள்.

நிறத்திலும் கவனம் வேண்டும். லினனும் நைலானும் தோலுக்குப் பூசும் சாயத்தைத் தாமும் குடித்துவிடும். பாலியெஸ்டர் பெரும்பாலும் ஏற்காது. கருந்தோலில் வெண்தையல் பளிச்சென்று தெரிய வேண்டுமானால், தோலுக்குச் சாயமேற்றி உலர்த்திய பிறகே தைக்க வேண்டும்.

கடைசிக் கண்ணி வந்ததும் முடிச்சுப் போடுவதில்லை. இரண்டு மூன்று துளைகள் பின்னோக்கித் தைத்து, லினனாக இருந்தால் தோலை ஒட்டி நறுக்கிவிடுவார்கள். நைலானோ பாலியெஸ்டரோ ஆனால் சிறிது முனை விட்டு நறுக்கி, தீக்கங்கு காட்டி, உருகிய துளியைத் துளைக்குள் அழுத்திவிடுவார்கள்.